படிக்கத்தோடு கழுவிய மெண்டலின் சாவிகள்

கொழும்பிலிருந்து லொறியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், விறாந்தையில் என் பழைய சாரன் ஒன்றை விரித்து, வீட்டிலுள்ள பித்தளை முழுவதையும் அதன்மேல் வெயில் காய வைத்திருக்கிறார்கள். வெற்றிலை வைக்கிற வட்டா இரண்டு, மூடியோடு ஒரு செம்பு, பாக்கு இடிக்கிற உரல், வரிசையின் கடைசியில் படிக்கம். படிக்கம் என்றால் வெற்றிலைச் சாறு துப்புகிற பாத்திரம். அந்தத் துப்பல் பாத்திரத்துக்கு முட்டினாற்போல என் மெண்டலினின் சாவிகள் கிடந்தன.

சாவி என்றால் பூட்டுத் திறக்கிற சாமான் அல்ல. மெண்டலினின் தலையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பித்தளைத் தகடு இருக்கும். ஒரு தகட்டுக்கு நான்கு சாவி. குமிழைத் திருகினால் புரியுள்ள ஒரு சின்ன இரும்புத் தண்டு சுற்றும், அது ஒரு பல்லுச் சில்லைத் தள்ளும், அந்தச் சில்லோடு சேர்ந்த தூணில் தந்தி இறுகும். தந்தி நின்ற இடத்தில் நிற்பது அந்தச் சில்லின் பல்லை நம்பித்தான். அதைத்தான் கழட்டி, பழப்புளியும் சாம்பலும் போட்டு, தென்னந்தும்பால் தேய்த்து வைத்திருந்தார்கள். தங்கம் தோற்றுப்போகும், அவ்வளவு மினுக்கம்.

“நல்லா மினுங்குதில்ல?” என்றாள் மனைவி.

“ஆரு இதக் கழட்டினது?”

“நான்தான். கத்தி முனையால கழட்டின.”

“தந்தி?”

“அது கழரல்ல. பாக்குவெட்டியால வெட்டின.”

பாக்குவெட்டியால். எட்டுத் தந்தியையும். நான் குனிந்து ஒரு குமிழைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. நான் கொழும்புக்குப் போன அன்றே கழுவி, நாளும் வெயிலில் வைத்து எடுத்திருக்கிறாள். புளித் தண்ணீரில் குழைந்த சாம்பல் பல்லுக்குள் இறங்கிச் சீமெந்து மாதிரி காய்ந்துவிட்டது. அதற்குமேல் எங்கள் கடற்காற்று. இந்தக் கரையில் ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒரு சுற்று மெலிகிறது. புளி பட்ட இரும்பை அது விட்டுவைக்குமா? தண்டுகள் எல்லாம் சிவந்து, சில்லுகளின் அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வெளியே மினுக்கம், உள்ளே பிணம்.

அப்போது என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத மாட்டேன். முப்பது வருடமாக லொறி ஓட்டுகிறவனின் வாய் அது. பக்கத்து வீட்டு வானொலியைக் குறைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் வட்டாவை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ஒரு வார்த்தை, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அவளும் தையல் மெஷின் வைத்திருக்கிறவள்தான். அதன் வயிற்றுக்குள் யாராவது பழப்புளியைக் கரைத்து ஊற்றினால் பார்த்துக்கொண்டிருப்பாளா?

இவ்வளவு கத்தியதற்குக் காரணம் மெண்டலின் மட்டுமல்ல. மறு கிழமை மகளின் கலியாணம். கலியாணத்துக்கு முதல்நாள் பின்நேரம் மணப்பெண்ணுக்கு மருதோண்டி போடுவார்கள். ஒரு மாதத்துக்கு முன்பே மகள் என்னிடம் வந்து கேட்டிருந்தாள்.

“வாப்பா, மருதோண்டி போடக்குள்ள அந்த மெட்ட வாசிப்பீங்களா?”

அந்த மெட்டுக்குப் பாட்டு இல்லை, பெயரும் இல்லை. அவள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். காற்றாடி நின்றதும் வீறிட்டு அழுவாள். அவளுடைய உம்மா ஓலை விசிறியால் விசிறுவாள், நான் பக்கத்தில் இருந்து நாலு சுரத்தை முன்னும் பின்னுமாகத் தட்டிக்கொண்டிருப்பேன். அப்படித் தட்டித் தட்டித் தானாகச் சேர்ந்த மெட்டு. அதைக் கேட்டால்தான் அவள் அடங்குவாள். வளர்ந்து பள்ளிக்கூடம் போய், படித்து முடித்து, இன்றைக்குக் கலியாணம் வரைக்கும் வந்துவிட்டாள். ஒரு நாளும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை. மறந்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். “ஓம், வாசிப்பன்” என்று மட்டும் சொன்னேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது கையில் இருப்பதோ தந்தியில்லாத ஒரு மரக்கட்டையும் சுற்றாத எட்டுச் சாவியும்.

வெளியூர் ஆட்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் ஒரு துணிப்பையோடும் இந்த மெண்டலினோடும் இந்த வீட்டுக்கு வந்தேன். மெண்டலின் கொழும்பில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கியது. மாமி அதை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

“மருமகன், இத எங்க வெக்கிற?” என்றார்.

“எங்கயாவது தொங்கப் போடலாம் மாமி.”

“எங்கயாவது எண்டா? ஊட்டுக்குள்ளதானே இரிக்கணும்” என்று சொல்லி, அலுமாரிக்குப் பக்கத்தில் ஹோல் சுவரில் ஓர் ஆணி அடிப்பித்தார். பாட்டுக் கேட்கிறவர் அல்ல அவர். ஆனாலும் அந்த ஆணியைத் தந்தார். சுவர் அவருடையது, கூரை அவருடையது, பிறகு எல்லாம் மனைவியுடையது. இத்தனை வருடத்தில் எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது அந்த ஆணி ஒன்றுதான். இனி வீடு மகளுக்கு. நானும் மனைவியும் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டுக்குப் போகப்போகிறோம். அதனால்தான் இந்த வீட்டுக்குள் இருந்து கடைசியாக ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். முதலில் வெறும் சவர்க்காரத் தண்ணீரில் ஊற வைத்து, ஒட்டியிருந்த புளியை எடுத்தேன். பிறகு வெயிலில் நன்றாகக் காயவிட்டேன். ஈரம் ஒரு பொட்டு உள்ளே நின்றாலும் மேலே எண்ணெய் விட்டுப் பிரயோசனமில்லை, எண்ணெய்க்கு அடியில் துரு தன் பாட்டில் வளரும். அதற்குப் பிறகு சோற்றுக் கோப்பையொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றித் தகடுகளைப் போட்டு மூடி வைத்தேன். பின்நேரம் எடுத்து, பழைய பல் துலக்குகிற பிரஷால் தேய்த்தால் கறுப்புச் சேறு வந்தது. பிரஷ் எட்டாத இடத்துக்குத் தென்னை ஈர்க்கு. ஊசி போடக்கூடாது. ஊசி பித்தளையின் பல்லைக் கீறும், ஈர்க்கு அழுக்கை மட்டும் எடுக்கும். ஒவ்வொரு பல்லாக. ஒரு சில்லுக்கு எத்தனை பல்லோ, எண்ணிப் பார்க்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை, ஏசுவதற்குத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் மனைவியின் தம்பி வந்தான். போட் எஞ்சின் திருத்துகிறவன். நல்ல பிள்ளை, ஆனால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

“மச்சான், இந்தா கிறீஸ்” என்று ஒரு டப்பாவை நீட்டினான். “போட்டுக்குப் போடுற சாமான். உப்புத் தண்ணிக்கே அசையா.”

“தம்பி, இது போட் இல்ல.”

“இரும்புதானே மச்சான்?”

இரும்புதானே! இந்த ஒரு சொல்லால்தான் உலகத்தில் பாதிச் சாமான் நாசமாகிறது. கிறீஸ் கெட்டியான பொருள். எங்கள் வீடு கடற்கரை மணலில் நிற்கிறது. காற்றடித்தால் சோற்றிலேயே மணல் கடிபடும். கிறீஸ் பூசிய பல்லுச் சில்லில் அந்த மணல் போய் ஒட்டினால், ஒவ்வொரு தடவை திருகும்போதும் அது அரம் மாதிரி பல்லை அராவும். தேங்காய் எண்ணெய் அதைவிட மோசம். முதல் கிழமை வழுக்கும், பிறகு காய்ந்து பிசின் மாதிரி இழுக்கும். தையல் மெஷினுக்கு விடுகிற மெல்லிய எண்ணெய்தான் சரி. அதுவும் ஒரு சில்லுக்கு ஒரு துளி, விட்ட பிறகு துணியால் துடைத்துவிட வேண்டும். மரத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் மரம் குடித்துவிடும். இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். தலையை ஆட்டினான். ஓம் ஓம் என்றான்.

நான் மதிய லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்வருவதற்குள் அவன் தன் இரும்புக் குறட்டைக் கையில் எடுத்துவிட்டான்.

ஏழு சாவி மண்ணெண்ணெயில் இளகி வந்துவிட்டன. எட்டாவது மட்டும் அடம் பிடித்தது. இன்னொரு நாள் ஊறினால் அதுவும் இளகியிருக்கும். என் மச்சினனுக்கோ ஒரு நாள் பொறுக்க ஏலவில்லை. குறட்டால் குமிழைப் பிடித்து ஒரு திருகு. சாவி சுற்றியது உண்மை. குமிழ் இரண்டாகப் பிளந்து விறாந்தையில் கிடந்ததும் உண்மை.

“சுத்துது மச்சான்!” என்று சிரித்துக்கொண்டு நின்றான்.

நான் வெள்ளைக் குமிழின் இரண்டு துண்டையும் பொறுக்கி எடுத்தேன். அவன் மெதுவாகத் தன் கிறீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசற் படலையைத் திறந்து போய்விட்டான். குறட்டை மட்டும் விறாந்தையில் போட்டுவிட்டுப் போனான். அதை எடுத்து அவன் போன திசையில் எறியலாமா என்று யோசித்தேன். பிறகு கலியாண வீடு என்று நினைத்து ஓரமாக வைத்தேன்.

எண்ணெய்ப் போத்தல் மனைவியின் தையல் மெஷினில் இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் இருந்தது. கேட்கக் கூடாது என்றுதான் வீம்பாக இருந்தேன். வேறு வழியில்லாமல் கேட்டேன். கொண்டுவந்து தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்த நாட்களில் அவள் தேத்தண்ணியை வைப்பாள், நான் குத்திக்காட்டுவேன், அவள் போவாள். “பாக்குவெட்டிய ஒளிச்சி வெய், என்ட விரலயும் வெட்டிப்போடுவா” என்று மகளிடம் அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன். மகள்தான் நடுவில் நின்று சங்கடப்பட்டாள். “விடுங்க வாப்பா” என்பாள். நான் விடவில்லை. எனக்கு விளங்காதது ஒன்றுதான். இத்தனை பெருநாளுக்கும் வட்டா, படிக்கம் எல்லாம் இதே புளியால் இதே விறாந்தையில் மினுக்கியிருக்கிறாள். ஒரு பெருநாளுக்கும் மெண்டலின் பக்கம் கை நீட்டாதவள் இந்த வருடம் ஏன் நீட்டினாள்?

தந்திக்காக மட்டக்களப்பு வரை பஸ்ஸில் போனேன். மெண்டலின் தந்தியென்று கேட்டால் கடைக்காரப் பையன் என்னைப் பார்த்து முழிக்கிறான். கடைசியில் கிற்றார் தந்தியில் மெல்லியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தேன். திருகாணியில் ஒன்று தொலைந்துபோயிருந்தது. கத்தி முனையால் கழட்டினால் தொலையாமல் என்ன செய்யும்? அதற்குப் பதில் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியின் திருகாணியொன்றைப் போட்டு இறுக்கினேன். மரத்தில் துளை பெருத்திருந்தால் முதலில் ஈர்க்குத் துண்டொன்றை உள்ளே விட்டுவிட்டு ஆணியை இறக்க வேண்டும், அப்போதுதான் கவ்வும். ஏழு சாவியைக் கையால் முறுக்கினேன். எட்டாவதுக்குக் குமிழ் இல்லை. அதன் தண்டில் சீலைத் துண்டைச் சுற்றி மச்சினனின் குறட்டால்தான் திருக வேண்டியிருந்தது. அந்தக் குறட்டைக் கையில் எடுத்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஆனாலும் தந்தி நின்றது. ஏற்றிய இடத்தில் நின்றது.

மருதோண்டி நாள் வந்தது. அசர் தொழுகை முடிந்ததும் ஹோல் முழுக்கப் பெண்கள். நான் பக்கத்து அறைக்குள், திரைச்சீலைக்குப் பின்னால், மெண்டலினை மடியில் வைத்து மெதுவாகச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தேன். புதுத் தந்தி இளகிக்கொண்டே இருக்கும், வாசிக்கிற நிமிடம் வரைக்கும் விடாமல் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையின் பெரியும்மா பலகாரத் தட்டங்களோடு வந்து இறங்கினார். குரலை வைத்தே தெரிந்தது. ஒரு மாதத்துக்கு முன் வீடு பார்க்க வந்தவர்களில் அவரும் ஒருவர். மாப்பிள்ளை வந்து இருக்கப்போகிற வீடு அல்லவா, தரையையும் கூரையையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அன்று நான் கொழும்பில் நின்றேன். எல்லாம் நல்லபடி முடிந்தது, அவர்களுக்குச் சந்தோசம் என்றுதான் மனைவி ஃபோனில் சொன்னாள்.

பெரியும்மா ஹோலுக்குள் வந்து சுவரைப் பார்த்திருக்க வேண்டும்.

“அல்ஹம்துலில்லாஹ், அதக் கழட்டிட்டீங்களா? நல்லம். அண்டைக்கி நான் எவ்வளவு சொன்ன. புள்ள இரிக்கப்போற ஊட்டுல பாட்டுச் சாமான் தொங்க உடலாமா, ஹராம் இல்லயா எண்டு. நீங்க கேக்கல்லயே.”

என் கை நின்றுவிட்டது.

“இந்த ஊட்டுப் பித்தளைச் சாமான் அது, வட்டா படிக்கம் மாதிரி, எங்கட உம்மா ஆணி அடிச்சித் தொங்க உட்டது, கழட்ட ஏலா எண்டு சொன்னீங்களே” என்று அவர் சிரித்தார். “பித்தளையா இது, களிம்பு புடிச்சிக் கெடக்கே எண்டு நான் கேட்டதுக்குக் கோவிச்சிட்டீங்க.”

“கோவம் என்னத்துக்கு” என்றாள் என் மனைவி. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. “களிம்பு எண்டு சொன்னீங்க, மினுக்கிட்டன். கழட்டல்ல. அவர் உள்ளுக்கு முறுக்கிட்டு இரிக்கார். மகளுக்கு வாசிக்கப்போறார். இருங்க, உங்களுக்கும் மருதோண்டி வெக்கச் சொல்றன்.”

அந்தப் பெரியும்மாவின் மகளின் கலியாணத்தில் வீடியோவுக்குப் பின்னால் ஓடிய பாட்டுகளை இந்த ஊரே ஃபோனில் பார்த்தது. ஃபோனுக்குள் இருந்து வந்தால் அது ஒன்றும் இல்லை. என் ஆணியில் சத்தம் போடாமல் தொங்குகிற ஒரு மரம்தான் அவர் கண்ணைக் குத்தியதோ? என் வீட்டில், என் மாமி தந்த ஆணியை, நான் இல்லாத நேரம் பார்த்துப் பிடுங்கச் சொல்ல இவர் யார்? எழும்பித் திரையை விலக்கி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் திரைக்கு வெளியே மகளின் குரல் கேட்டது.

“வாப்பா, வாசிங்க.”

வாசித்தேன். நாலு சுரம் முன்னும் பின்னுமாக. ஹோலில் கதை அடங்கியது. திரையின் ஓரத்து இடைவெளியால் மகளின் விரித்த கைகள் மட்டும் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள், தடித்த வளையல்களோடு, உள்ளங்கை நிறைய ஈர மருதோண்டியோடு. பெரியும்மாவின் கைகள். அவரால் எழும்பிப் போகவும் ஏலாது, காதைப் பொத்தவும் ஏலாது. ஒருமுறை வாசித்தால் போதுமான மெட்டை நான் மூன்று தரம் வாசித்தேன். மகளுக்காக ஒன்று. மற்ற இரண்டும் ஆத்திரத்துக்கு.

ஆட்கள் போன பிறகு மனைவி பலகாரத் தட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?” என்றேன்.

“சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

யோசித்துப் பார்த்தேன். லொறியைக் கொண்டுபோய் அவர்களுடைய வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்திருப்பேன். தெரு முழுக்கக் கூடியிருக்கும்.

“அதான்” என்றாள். “கலியாணம் நிண்டிரிக்கும்.”

“நான் ஏசினதெல்லாம்...”

“ஏசினா என்ன, காதால வந்து காதால போச்சி. ஆனா பாக்குவெட்டியால வெட்டினது பிழதான்” என்று சொல்லிவிட்டுத் தட்டங்களைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இந்தப் பெண்ணை என்ன செய்வது? அவ்வளவு நாளும் என் வாயைத் தாங்கிக்கொண்டு மகளின் கலியாணத்தையும் என் ஆணியையும் ஒன்றாகக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்கு அவள்மேல் வந்த அன்பைவிட, ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை ஏச விட்டாளே என்ற கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

நாங்கள் பின்வளவு வீட்டுக்குப் போய்விட்டோம். மெண்டலின் ஹோல் சுவரிலேயே இருக்கட்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். மருமகன் தன் துணிப்பையை அதற்குக் கீழேதான் கொண்டுவந்து வைத்தான். கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் பெருநாளுக்கு நானே தகடுகளைக் கழட்டினேன். ஒழுங்கான ஸ்குரு ட்ரைவரால், தந்தியை இளக்கி, வெட்டாமல். பல்லுச் சில்லுகளையும் தண்டுகளையும் தனியே எடுத்து எண்ணெய்த் துணியில் சுற்றி என்னிடம் வைத்துக்கொண்டேன். வெறும் தகடு இரண்டையும் அவளிடம் கொடுத்து, மினுக்கு, ஆனால் படிக்கத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே என்றேன்.

பின்நேரம் விறாந்தைக்கு வந்தால் சாரன் விரித்திருக்கிறது. வட்டா, செம்பு, உரல், படிக்கம், அதற்கு முட்டினாற்போல என் தகடுகள்.

“படிக்கத்துக்கிட்ட வெக்காத எண்டு சொன்னன்தானே?”

“ஊட்டுப் பித்தளைச் சாமான்தானே அது” என்றாள், தலையை நிமிர்த்தாமல். “வரிசையிலதான் இரிக்கும்.”